கணக்கைத் தானியங்கியிடம் கொடுக்கும் முன் ஏட்டைத் திறந்து பாருங்கள்

பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி. தேதி, யு.பி.ஐ. என்ற எழுத்து, 12 இலக்க எண் ஒன்று, அப்புறம் 'செல்வம்' என்ற பெயர், 12,500 ரூபாய். அவ்வளவுதான்.

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு சின்ன பிரைவேட் லிமிடெட் கம்பெனியை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எட்டு வருடமாக அங்கே கணக்கு எழுதும் அக்கா அந்த வரியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: "இது குடோன்ல லோடு ஏத்தி இறக்குற செல்வம் அண்ணன், மாசக் கான்ட்ராக்ட்." ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருளில் தேடினால் செல்வம் என்ற பெயரில் மூன்று லெட்ஜர் (ஒவ்வொரு ஆளுக்கும் செலவுக்கும் ஏட்டில் தனியாக வைக்கும் கணக்கு) இருக்கிறது. ஒன்று அந்தக் கான்ட்ராக்ட்காரர். இன்னொன்று டிரைவர் செல்வத்துக்குக் கொடுத்த முன்பணம். மூன்றாவது, பொள்ளாச்சியில் கடை வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர்.

அக்கா செய்த வேலையை நாளை ஒரு தானியங்கி மென்பொருள் செய்யப்போகிறது என்றால் அது மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தவறானதைத் தேர்ந்தெடுத்தாலும் எந்த எச்சரிக்கையும் வராது. பற்றும் (டெபிட்) வரவும் (கிரெடிட்) சமமாகவே இருக்கும். டிரயல் பேலன்ஸ், அதாவது எல்லா லெட்ஜர் இருப்புகளையும் அடுக்கிய பட்டியல், ஒரு பைசா வித்தியாசம் இல்லாமல் நிற்கும். அக்காவின் தலைக்குள் இருந்த விஷயம் ஏட்டில் இல்லை என்பதுதான் இங்கே பிரச்சினை. தானியங்கிக்கு ஏடு மட்டும்தான் தெரியும்.

தானியங்கிக் கணக்கெழுத்துக்கு மாறும் முன் கம்பெனியின் கணக்கு அமைப்பைச் சரிபார்ப்பது என்றால் என்ன என்று புதியவர்கள் கேட்கும்போது நான் இந்தச் செல்வம் கதையைத்தான் சொல்வேன். ஒருவரின் நினைவில் மட்டும் இருப்பவற்றைத் தேடிப்பிடித்து ஏட்டுக்குள் கொண்டுவருவது. வேலையின் பெரும்பகுதி இதுதான்.

அது எப்படி முடிவெடுக்கிறது?

மென்பொருளுக்கு மென்பொருள் வசதிகள் மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான். பேங்க் ஸ்டேட்மென்ட்டையும், பில்லின் படத்தையோ பி.டி.எஃப். கோப்பையோ படிக்கிறது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி, எவ்வளவு வரி என்று பிரித்தெடுக்கிறது. பிறகு எந்த லெட்ஜரில் பற்று, எந்த லெட்ஜரில் வரவு என்று முடிவு செய்து வவுச்சர், அதாவது ஏட்டுப் பதிவு, போடுகிறது. அந்த முடிவுக்கு அதனிடம் இருப்பவை இரண்டே ஆதாரங்கள்: நீங்கள் எழுதிக்கொடுத்த விதிகள், நீங்கள் ஏற்கெனவே போட்ட பழைய என்ட்ரிகள்.

இந்த இரண்டாவது ஆதாரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவசரத்தில் எது வந்தாலும் 'இதர செலவுகள்' லெட்ஜரில் தள்ளிவிடும் பழக்கம் நிறைய அலுவலகங்களில் உண்டு. மார்ச் கடைசியில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கேட்கும்போது உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம் என்ற தைரியம். பழைய என்ட்ரிகளைப் பார்க்கும் தானியங்கிக்கு 'இதர செலவுகள்' என்பதுதான் அதிகம் பயன்பட்ட, ஆகவே அதிகம் நம்பத்தக்க விடையாகத் தெரியும். அதுவும் அங்கேயே தள்ளும், மாதம் ஐம்பது என்ட்ரிக்குப் பதில் ஐந்நூறு. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனாவது பத்தாவது முறை "அண்ணா, இதுவும் அதுலயே போடவா?" என்று கேட்டிருப்பான்.

எந்த இடத்திலிருந்து தொடங்குகிறோம்

முதலில் பார்க்க வேண்டியது தொடக்க இருப்பு, அதாவது ஓப்பனிங் பேலன்ஸ். நம் நாட்டில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடிகிறது. ஆடிட்டர் கையெழுத்திட்ட போன வருட பேலன்ஸ் ஷீட்டை ஒரு பக்கம் வையுங்கள். மென்பொருளில் ஏப்ரல் 1-ஆம் தேதியின் தொடக்க இருப்புகளை இன்னொரு பக்கம் வையுங்கள். வரிக்கு வரி ஒத்துப்போக வேண்டும்.

பெரும்பாலும் போவதில்லை. காரணமும் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வருடக் கடைசியில் டேலி டேட்டாவின் ஒரு காப்பி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறது. அவர்கள் தேய்மானம், ஆடிட் ஃபீஸ், வருமான வரிக்கான ஒதுக்கீடு, சில திருத்தங்கள் எல்லாவற்றையும் தங்கள் காப்பியில் போட்டு முடிக்கிறார்கள். கையெழுத்தான பேலன்ஸ் ஷீட் காகிதமாகத் திரும்பி வருகிறது. அந்த என்ட்ரிகள் நம் டேட்டாவுக்குள் திரும்பி வருவதே இல்லை. நான் பார்த்த ஒரு கம்பெனியில் இப்படி மூன்று வருடத் தேய்மானம் விடுபட்டிருந்தது. ஏட்டின்படி அவர்களுடைய பழைய வேன் வாங்கிய விலையிலேயே நின்றது. ஆடிட் ஆன கணக்கில் அது பாதிக்கும் கீழே போயிருந்தது. யாரும் பொய் எழுதவில்லை, இரண்டு காப்பிகள் தனித்தனி வழியில் போய்விட்டன, அவ்வளவுதான். இதைச் சரிசெய்யாமல் தானியங்கியை ஓட்டினால் இரண்டு வழிகளுக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் கூடும். ஆடிட்டரிடம் போய் 'உங்கள் கடைசி என்ட்ரிகளின் பட்டியல் வேண்டும்' என்று கேளுங்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரத்தில் அவற்றை நாமே போட்டுவிடலாம்.

டேலி பேலன்ஸ் ஷீட்டில் 'டிஃபரன்ஸ் இன் ஓப்பனிங் பேலன்சஸ்' என்று ஒரு வரி தலைகாட்டினால் அதை எப்போதும் விட்டுவைக்காதீர்கள். தொடக்க இருப்புகளில் பற்றும் வரவும் சமமாக இல்லை என்று மென்பொருளே சொல்கிறது.

அதே சமயம், சமமாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்று நினைத்துவிடவும் கூடாது. இது தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் குழப்பம். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரு லெட்ஜரில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் பதிகிறது. 1494-இல் வெனிஸ் நகரில் லூகா பச்சோலி தன் கணித நூலில் அச்சில் விளக்கிய அதே முறைதான். அது எத்தனை ரூபாய் போனது, எத்தனை வந்தது என்பதில் தவறினால் காட்டிக்கொடுக்கும். மின்சாரக் கட்டணத்தை ரிப்பேர் செலவில் போட்டால் காட்டிக்கொடுக்காது. செல்வத்துக்குப் போனது வேறு செல்வத்தின் பெயரில் விழுந்தாலும் காட்டிக்கொடுக்காது. தானியங்கி செய்யும் தவறுகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான்.

பேங்க் கணக்கு

நேரம் குறைவாக இருந்தால் வேறு எதையும் விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். ஏட்டில் உள்ள பேங்க் இருப்பும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் உள்ள இருப்பும் ஒரு குறிப்பிட்ட தேதி வரை ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் அந்த வித்தியாசத்தில் உள்ள ஒவ்வொரு ரூபாயையும் பட்டியல் போட்டுச் சொல்ல முடிய வேண்டும். பேங்க் ரீகன்சிலியேஷன் என்பது இதுதான்.

பட்டியலில் பழைய செக்குகள் தென்படும். நாம் கொடுத்ததாக எழுதியிருப்போம், பேங்க்கில் பாஸ் ஆகியிருக்காது. 2012 ஏப்ரல் முதல் செக்கின் ஆயுள் 3 மாதம்தான். அதைத் தாண்டிய செக் ஏட்டில் நின்றுகொண்டிருந்தால், அந்தப் பணம் யாருக்கும் போகவில்லை, போகவும் போவதில்லை. அதைத் திருப்பி எழுதி, அவருக்கு நாம் இன்னும் பாக்கி என்று காட்ட வேண்டும்.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் 'கிரெடிட்' என்று வந்தால் நமக்குப் பணம் வந்திருக்கிறது. நம் ஏட்டில் அதே பணம் பேங்க் லெட்ஜரில் பற்று. பேங்க் அவர்கள் பக்கத்திலிருந்து எழுதுகிறது, நாம் நம் பக்கத்திலிருந்து எழுதுகிறோம். ஸ்டேட்மென்ட்டைத் தானியங்கிக்குள் ஏற்றும்போது இந்தப் பத்தி எது, அந்தப் பத்தி எது என்று முதல் தடவை நாம்தான் காட்டிக்கொடுக்கிறோம். அங்கே மாறினால் ஒரு மாதமே தலைகீழாகிவிடும். ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கு இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அதில் இருப்பு என்று தெரிவது நம் பணம் இல்லை, நாம் கட்ட வேண்டிய கடன்.

அடுத்து, பேங்க்கில் வந்து விழும் தொகைக்கும் நிஜ வியாபாரத்துக்கும் உள்ள இடைவெளி. 10,000 ரூபாய் பில்லுக்கு வாடிக்கையாளர் கார்டைத் தேய்க்கிறார். கார்டு மெஷின் கொடுத்த நிறுவனம் 2 சதவீதம், அதாவது 200 ரூபாய் கட்டணமும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 36 ரூபாயும் பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். நம் கணக்குக்கு வருவது 9,764. தானியங்கி 9,764-ஐ விற்பனை என்று எழுதினால் விற்பனையில் 236 ரூபாய் குறைகிறது, 200 ரூபாய் செலவு காணாமல் போகிறது, திரும்பப் பெறக்கூடிய 36 ரூபாய் உள்ளீட்டு வரியும் (நாம் வாங்கியதற்குக் கட்டிய ஜி.எஸ்.டி.) போகிறது. ஒரு நாளில் முப்பது பேர் கார்டு தேய்க்கும் கடையில் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

டி.டி.எஸ்., அதாவது பணம் கொடுப்பவரே பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டும் வருமான வரி, இதே போன்றது. சர்வீஸ் செய்து கொடுத்து 1,00,000 ரூபாய்க்கும் அதன் மேல் 18,000 ஜி.எஸ்.டி.க்கும் பில் போட்டோம். வாடிக்கையாளர் 2 சதவீதம், 2,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்து 1,16,000 அனுப்புகிறார். ஜி.எஸ்.டி. தனியாகக் காட்டியிருந்தால் வரிக்கு முந்தைய தொகையில்தான் பிடிப்பார்கள். அந்த 2,000 நம் பெயரில் அரசாங்கத்திடம் இருக்கும் பணம். அதற்கென்று ஒரு லெட்ஜர் இல்லாவிட்டால் தானியங்கி அதை வாடிக்கையாளர் பாக்கி என்று வைத்துக்கொண்டு மாதாமாதம் அவருக்கு நினைவூட்டல் அனுப்பும். பழைய வாடிக்கையாளர்களோடு இப்படி மனஸ்தாபம் ஆன இடங்கள் உண்டு.

கடன் தவணையையும் பார்த்துவிடுங்கள். மாதம் 25,000 இ.எம்.ஐ. போகிறது என்றால் அதில் ஒரு பங்கு வட்டி, மீதி அசல். வட்டி மட்டும்தான் செலவு. அசல், கடனைக் குறைக்கிறது. ஒவ்வொரு மாதமும் இந்தப் பிரிவு மாறும், ஸ்டேட்மென்ட்டில் அது தெரியாது. பேங்க் கொடுத்த தவணை அட்டவணை கையில் இருந்தால்தான் பிரிக்க முடியும். கடன் முடியும் வரை உள்ள அட்டவணையை முதலிலேயே மென்பொருளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

ரொக்கத்துக்கு ஒரே ஒரு சோதனை போதும். கேஷ் லெட்ஜரை நாள்வாரியாகத் திறந்து, எந்த நாளிலாவது இருப்பு மைனஸில் போயிருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் மைனஸ் பணம் இருக்க முடியாது. அப்படித் தெரிந்தால் பெட்டிக்கு வந்த ஏதோ ஒரு பணம் எழுதப்படவில்லை, அல்லது முதலாளி தன் பாக்கெட்டிலிருந்து கொடுத்ததைக் கம்பெனி கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள். பிரைவேட் லிமிடெட்டில் கம்பெனி வேறு, முதலாளி வேறு. முதலாளியின் சொந்த போனிலிருந்து போன யு.பி.ஐ. எல்லாம் டைரக்டருக்குக் கம்பெனி தர வேண்டிய பாக்கியாக ஏற வேண்டும். தானியங்கி அந்த போனைப் பார்க்கப்போவதில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

லெட்ஜர் பட்டியல்

இப்போது செல்வத்திடம் திரும்பி வருவோம். டேலியில் புதிதாக ஒரு கம்பெனியைத் தொடங்கினால் 28 குரூப்புகள் (லெட்ஜர்களை வகைப்படுத்தும் தலைப்புகள்) தயாராக இருக்கும். லெட்ஜர் என்று பார்த்தால் இரண்டே இரண்டு: கேஷ், லாப நட்டக் கணக்கு. மற்ற எல்லா லெட்ஜரும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு அவசரத்தில், தனக்குப் புரியும்படி பெயர் வைத்து உருவாக்கியது. எட்டு வருடத்தில் அது சில நூறு ஆகியிருக்கும். அந்தப் பட்டியலை எக்செல்லில் எடுத்து அகரவரிசையில் அடுக்கினாலே பாதி விஷயம் புலப்படும். 'டீ செலவு', 'டீ காபி', 'ஸ்டாஃப் டீ' என்று மூன்று. 'இ.பி.', 'கரண்ட் பில்', 'மின் கட்டணம்' என்று மூன்று. ஒரே சப்ளையர் இன்ஷியலோடு ஒரு முறை, இன்ஷியல் இல்லாமல் ஒரு முறை.

டீ இரண்டு இடத்தில் கிடந்தால் பெரிய நஷ்டம் இல்லை. ஆட்கள் இரண்டு இடத்தில் கிடந்தால் நஷ்டம் உண்டு. செல்வத்துக்கு மாதம் 12,500 என்றால் வருடத்துக்கு 1,50,000. கான்ட்ராக்ட்காரருக்கு ஒரு வருடத்தில் கொடுப்பது 1,00,000 ரூபாயைத் தாண்டினால் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும், தனிநபருக்கு 1 சதவீதம். 1,500 ரூபாய்தான். ஆனால் ஆறு மாதத் தொகை ஒரு லெட்ஜரிலும் ஆறு மாதத் தொகை இன்னொன்றிலும் விழுந்திருந்தால் ஒவ்வொன்றிலும் 75,000தான் தெரியும். வரம்பைத் தாண்டியதாக மென்பொருள் சொல்லவே சொல்லாது. பிடிக்காமல் விட்டால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவின் 30 சதவீதத்தைச் செலவாக ஏற்க மாட்டார்கள். 1,50,000-இல் 45,000. சின்னக் கம்பெனிக்கு இது வலிக்கும் தொகை.

ஆகவே பெயர்களைச் சீர்செய்யுங்கள். வெளியிலிருந்து வரும் ஒருவர் படித்தாலும் புரியும்படி: 'செல்வம் – குடோன் லோடிங் கான்ட்ராக்ட்', 'செல்வம் – டிரைவர் முன்பணம்'. பான் எண் இருக்கிறவர்களுக்கு அதை லெட்ஜரிலேயே ஏற்றுங்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள சப்ளையருக்கு அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை ஏற்றுங்கள். பெயரை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதைவிட எண்ணை வைத்துக் கண்டுபிடிப்பது தானியங்கிக்குப் பல மடங்கு நம்பகமானது. பில்லில் அந்த எண் அச்சாகியே வருகிறது. 15 எழுத்துகள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலம் (33 என்றால் தமிழ்நாடு, 32 கேரளம், 29 கர்நாடகம்), அடுத்த பத்து பான், கடைசி எழுத்து தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்புக் குறி. ஒரே சப்ளையருக்குக் கோவையில் ஒரு கிளையும் பாலக்காட்டில் ஒரு கிளையும் இருந்தால் பான் ஒன்றாகவும் ஜி.எஸ்.டி. எண் இரண்டாகவும் இருக்கும். அங்கே இரண்டு லெட்ஜர் வைப்பது சரி.

பழைய இரட்டை லெட்ஜர்களை அழிக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அழிக்க வேண்டாம். இருப்பை ஒரு ஜர்னல் என்ட்ரி மூலம் சரியான லெட்ஜருக்கு மாற்றிவிட்டு, பழையதின் பெயருக்கு முன்னால் 'பயன்படுத்தாதே' என்று சேர்த்துவிடுங்கள். பழைய வருடத்துப் பதிவுகள் அப்படியே கிடக்கட்டும். கம்பெனிகள் 8 வருடத்துக்கு ஏடுகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

பெயருக்கு அடுத்தது குரூப். லெட்ஜர் எந்தக் குரூப்பில் இருக்கிறது என்பதுதான் அது லாப நட்டக் கணக்குக்குப் போகுமா, பேலன்ஸ் ஷீட்டுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது. புதிய கம்ப்யூட்டர் வாங்கியதை ஆபீஸ் செலவில் போட்டால் இந்த வருட லாபம் குறைந்து தெரியும், சொத்துப் பட்டியலில் கம்ப்யூட்டர் இருக்காது. கடைக்காரரிடமிருந்து வந்த பில்லில் 'கம்ப்யூட்டர்' என்று இருந்தால் எங்கே போக வேண்டும், 'கம்ப்யூட்டர் சர்வீஸ்' என்று இருந்தால் எங்கே போக வேண்டும் என்பதை விதியாக எழுதிவைக்க வேண்டியது நாம்தான்.

எங்கே போடுவது என்று தெரியாதவற்றைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் லெட்ஜரைப் பற்றித் தனியாகச் சொல்ல அதிகம் இல்லை. அதன் இருப்பு பூஜ்யம் ஆகும்வரை தானியங்கியைத் தொடங்க வேண்டாம்.

ஜி.எஸ்.டி.

கம்பெனி சாதாரணப் பதிவில் இருக்கிறதா, காம்போசிஷன் திட்டத்தில் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கிறதா என்பதை மென்பொருளில் சரியாகக் குறித்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். காம்போசிஷனில் இருப்பவர் உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற முடியாது. இது தவறாக இருந்தால் கீழே உள்ள எல்லாமே தவறு.

பிறகு சரக்குகளின் வரி விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதமும் 28 சதவீதமும் பெரும்பாலான பொருள்களுக்குப் போய், 5, 18 என்று இரண்டு முக்கிய விகிதங்கள் ஆயின. சிமென்ட்டும் ஏ.சி.யும் 28-இலிருந்து 18-க்கு வந்தன. ஏட்டில் உள்ள ஒவ்வொரு சரக்கின் மாஸ்டரிலும் (அதன் அடிப்படை விவரப் பதிவு) புதிய விகிதம் அந்தத் தேதியோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய விகிதத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதினாலும் ஆபத்துதான். அந்தத் தேதிக்கு முன் விற்ற சரக்குக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட வேண்டி வந்தால் அது பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். எந்தத் தேதியிலிருந்து எது என்று இரண்டும் இருக்க வேண்டும்.

உள்ளீட்டு வரியில், பில்லில் ஜி.எஸ்.டி. இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் திரும்பப் பெற முடியாது. ஹோட்டல் சாப்பாட்டு பில், கிளப் உறுப்பினர் கட்டணம், முதலாளி ஓட்டும் கார், இவற்றுக்குக் கட்டிய வரி பொதுவாகத் திரும்பக் கிடைக்காது. தானியங்கி பில்லைப் படித்து, 'இதோ வரி இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும். இந்த வகைச் செலவு லெட்ஜர்களில் உள்ளீட்டு வரி கிடையாது என்று முன்கூட்டியே குறித்துவைப்பது சரிபார்ப்பின் முக்கியமான பகுதி. மற்ற பில்களுக்கும், சப்ளையர் தன் ரிட்டர்னில் அந்தப் பில்லைக் காட்டி, அது மாதாமாதம் 14-ஆம் தேதி நமக்கு வரும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி பட்டியலில் இருந்தால்தான் வரியை எடுக்கலாம். ஏட்டில் உள்ள உள்ளீட்டு வரி இருப்பும் ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள இருப்பும் எவ்வளவு வேறுபடுகின்றன, ஏன் வேறுபடுகின்றன என்று தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு எது பழைய வித்தியாசம், எது தானியங்கி உண்டாக்கியது என்று பிரித்தறிய வேறு வழி இருக்காது.

பில் தேதியிலும் கவனம் வேண்டும். தானியங்கி பில்லின் தேதியை எழுதுகிறதா, நாம் படம் ஏற்றிய தேதியை எழுதுகிறதா என்று பாருங்கள். சிறு, குறு உற்பத்தியாளர்களிடம் வாங்கினால் ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள், எழுதாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தாமதித்தால் அந்தச் செலவைப் பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்க முடியும். நாள் கணக்கு தவறினால் வருடமே மாறிவிடும்.

பூட்டும் சாவியும்

ரிட்டர்ன் தாக்கல் செய்த மாதத்தைப் பூட்டிவிடுங்கள். ஜோஹோ புக்ஸ், டேலி இரண்டிலுமே குறிப்பிட்ட தேதிக்கு முன்னால் யாரும் என்ட்ரி போட முடியாதபடி தடுக்க வழி உண்டு. ஜூன் மாத பில் ஒன்று ஆகஸ்ட்டில் கிடைத்தால் மனிதர் யோசிப்பார். தானியங்கி பில்லில் உள்ள தேதியைப் பார்த்து ஜூனில் போட்டுவிடும். நாம் தாக்கல் செய்த ஜூன் கணக்கு சத்தமில்லாமல் மாறிவிடும்.

தானியங்கிக்குத் தனிப் பயனர் பெயர் கொடுங்கள். முதலாளியின் பாஸ்வேர்டையோ அக்காவின் பாஸ்வேர்டையோ கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் ஒவ்வொரு மாற்றத்தையும் அது நடந்த தேதியோடு பதிந்துவைக்க வேண்டும், அந்த வசதியை அணைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும். அந்தப் பதிவில் எல்லா மாற்றத்துக்கும் அக்கா பெயரே இருந்தால், ஆறு மாதம் கழித்து ஒரு தவறு வெளிப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுவார். அது நியாயமில்லை. பேங்க்கிலும் ஸ்டேட்மென்ட் பார்க்கும் அனுமதி போதும், பணம் அனுப்பும் அனுமதி வேண்டாம். டேட்டாவை ஒரு பேக்கப் எடுத்து அலுவலகத்துக்கு வெளியே ஒரு இடத்தில் வைத்துவிட்டுத்தான் எதையும் தொடங்க வேண்டும்.

அக்காவோடு ஒரு மதியம்

இதுவரை சொன்னது எல்லாம் திரையைப் பார்த்துச் செய்யக்கூடியது. இனி சொல்வதுதான் கடினம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசி மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கணக்கு எழுதுபவரோடு உட்காருங்கள். ஒவ்வொரு வரியாகக் கை வைத்து, "இதை எங்கே போட்டீங்க? எப்படித் தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கான பதில் ஏட்டிலேயே இருக்கும். இரண்டாவதுக்கான பதில்தான் நமக்கு வேண்டும். "அந்தக் கடைக்காரர் தம்பி அக்கவுன்ட்ல இருந்துதான் எப்பவும் போடுவார்." "5-ஆம் தேதி வர்ற 18,000 வாடகை, ஆனா அதுல 3,000 தண்ணிக்கும் வாட்ச்மேனுக்கும்." "இவங்க ரெண்டு பில்லுக்குச் சேர்த்து அனுப்புவாங்க, ரவுண்டா." எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு மதியத்தில் நாற்பது, ஐம்பது விதிகள் கிடைக்கும்.

அவர் மனதில் ஒரு பயம் இருக்கும். தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டால் தன் வேலை போய்விடுமோ என்று. அந்தப் பயத்தைப் பார்க்காதது போல் நடந்துகொள்ளாதீர்கள். தானியங்கி போடும் என்ட்ரிகளைப் பார்த்து ஒப்புக்கொள்பவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று முதலாளியிடம் பேசி, அதை முதலாளி வாயாலேயே அவரிடம் சொல்ல வையுங்கள். அவரைவிட அந்த வேலைக்குத் தகுதியானவர் அந்தக் கம்பெனியில் இல்லை என்பதே உண்மை.

பழைய மாதத்தை வைத்து ஒத்திகை

எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியதும் நேராக இந்த மாதத்துக்குப் போகாதீர்கள். ஏற்கெனவே முடிந்து, ரிட்டர்னும் தாக்கல் ஆன ஒரு மாதத்தை எடுங்கள். டேட்டாவின் ஒரு காப்பியில் அந்த மாத என்ட்ரிகளை நீக்கிவிட்டு, அதே ஸ்டேட்மென்ட்டையும் பில்களையும் தானியங்கிக்குக் கொடுங்கள். அது போட்டதையும் அக்கா போட்டதையும் லெட்ஜர் வாரியாக ஒப்பிடுங்கள். வேறுபடும் இடமெல்லாம் தானியங்கியின் தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில இடங்களில் அதுதான் சரியாக இருக்கும், எட்டு வருடப் பழக்கம்தான் தவறாக இருக்கும். அப்படி இரண்டு மூன்று கிடைக்கும்போது அக்காவே அதைச் சுட்டிக்காட்டுவார்.

இந்த ஒத்திகையிலிருந்து சில எல்லைகளை வகுத்துக்கொள்ளலாம். புதிய பெயர் வந்தால் தானாக லெட்ஜர் உருவாக்கக் கூடாது, கேட்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் கேட்க வேண்டும் (தொகையைக் கம்பெனிக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்). இரண்டு லெட்ஜருக்கு இடையே சந்தேகம் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் 'கேட்க வேண்டியவை' என்ற லெட்ஜரில் போட வேண்டும். அந்த லெட்ஜரை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலி செய்ய வேண்டும். ஒரு வாரம் தவறினால் அடுத்த வாரம் இரண்டு மடங்கு இருக்கும், மூன்றாவது வாரம் அது இன்னொரு சஸ்பென்ஸ் ஆகிவிடும்.

எத்தனை நாள் ஆகும் என்று கேட்பார்கள். பேங்க் ரீகன்சிலியேஷன் மாதாமாதம் நடந்துவரும் கம்பெனியில் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்பது என் அனுபவம். ஆறு மாதமாக அது நடக்கவில்லை என்றால் தானியங்கியைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்த ஆறு மாதத்தை முடியுங்கள். மென்பொருள் விற்பவர்கள் 'அதையும் நாங்களே சரி செய்துவிடுவோம்' என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அடுத்த மாதம் அதே வரி மறுபடி வரும். யு.பி.ஐ., 12 இலக்க எண், செல்வம், 12,375 ரூபாய். இந்த முறை 125 ரூபாய் டி.டி.எஸ். பிடித்திருக்கிறது. எங்கே போட வேண்டும் என்று தானியங்கிக்குத் தெரியும். அக்கா ஒருமுறை பார்த்துவிட்டு ஒப்புதல் பட்டனை அழுத்துவார்.